அந்தப் பட்டைகள் மறைவதற்காக அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இரண்டாம் உலகப்போர் கட்டுரையோடு ஒரு டகோட்டா போக்குவரத்து விமானத்தின் படம் போட்டிருந்தீர்கள். இறக்கையிலும் வாலுக்கு முன்னால் உடம்பைச் சுற்றியும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள். கீழே, ‘எதிரியின் கண்ணுக்குத் தப்பப் பூசிய வண்ணம்’ என்று குறிப்பு. விமானப்படையில் தரைப் பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. விஷயம் நேர் எதிர். சுண்ணாம்பும் கரியும் மாற்றி மாற்றி அடித்தது போல இருப்பது யார் கண்ணுக்குத் தப்பும்? பளிச்சென்று தெரியட்டும் என்றுதான் பூசினார்கள். பயம் சொந்தப் படையின் பீரங்கிகளைப் பார்த்து.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1943 ஜூலை 11 இரவு அமெரிக்க பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 விமானங்கள் இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வந்தன. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுப் போய் வெகுநேரம் ஆகவில்லை. கப்பலிலும் கரையிலும் இருந்த நேசப்படை பீரங்கிக்காரர்கள் வருவது யாரென்று தெரியாமல் சுட்டுத் தள்ளினார்கள். 23 விமானங்கள் போயின. (அந்த இருட்டில் பட்டை இருந்திருந்தாலும் எவ்வளவு உதவியிருக்கும் என்பது வேறு கேள்வி.)

மறு வருஷம் ஜூன் மாதம் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்கிய படையெடுப்பு. நம்மவனா எதிரியா என்று ரேடியோ அலையால் கேட்டறியும் கருவி அப்போதே இருந்தது. ஆனால் ஒரே வானத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் பறந்தால் அது திணறிப்போகும் என்று கணக்குப் போட்டு, பெயிண்ட் டப்பாவை நம்பினார்கள். மூன்று வெள்ளை, நடுநடுவே இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டை 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24. நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களுக்கு விலக்கு. ஜெர்மானியரிடம் அந்த வகை அபூர்வம், ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லை.

முன்கூட்டியே தெரிந்தால் ஜெர்மானியரும் அதேபோல் அடித்துக்கொள்வார்களே! அதனால் ஜூன் 3, 4 தேதிகளில்தான் பெரும்பாலான தளங்களில் வேலை தொடங்கியது. என் பேரன் ஒட்டிய பிளாஸ்டிக் மாடலில் பட்டைகள் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கின்றன. பழைய போட்டோக்களைப் பாருங்கள்: ஓரம் கோணல்மாணல், தூரிகை இழுத்த தடம் அப்படியே தெரியும். நாங்கள் ஹேங்கரில் மாஸ்கிங் டேப் ஒட்டி எந்த நாட்டு விமானம் என்று காட்டும் வட்டக்குறி ஒன்றே ஒன்று தீட்டவே அரைநாள் போய்விடும். அவர்களுக்குக் கிடைத்த அவகாசத்தில் அந்தக் கோணலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நமக்குப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் விமானத்தின் வட்டக்குறியில் நடுவே சிவப்பு. அமெரிக்கரின் வெள்ளை நட்சத்திரத்திலும் சிவப்புப் பொட்டு. ஜப்பானியரின் குறியோ முழுச் சிவப்பு வட்டம். பறக்கும் அவசரத்தில் பொட்டு மட்டும் கண்ணில் பட்டால் போதும், விமானி துப்பாக்கி விசையை அழுத்திவிடுவான். 1942 மே மாதம் அமெரிக்கர் பொட்டை அழித்தார்கள். பர்மா முனையில் பிரிட்டிஷாரும் சிவப்பை எடுத்துவிட்டு, கடைசியில் கருநீலம், வெளிர்நீலம் என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கே போரிட்ட இந்திய விமானப்படையும் அந்த நீல வட்டத்தோடுதான் பறந்தது. நான் தீட்டிய காவி, வெள்ளை, பச்சை வட்டமெல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது.

உருமறைப்பு என்ற சொல் இந்தக் கதையில் ஒரே இடத்தில்தான் பொருந்தும். பிரான்சில் தற்காலிக ஓடுதளங்கள் அமைத்து விமானங்களை நிறுத்தியபோது மேல்பக்கப் பட்டைகள் ஜெர்மன் விமானிக்கு அடையாளம் காட்டின. உடனே மேலே இருந்தவற்றை அழிக்கச் சொன்னார்கள். அடிவயிற்றில் இருந்தவை 1944 முடியும் மட்டும் இருந்தன. உங்கள் படத்தில் மேலே பட்டை இருக்கிறது, ஆகவே அது படையெடுப்பை ஒட்டிய நாட்களில் எடுத்ததாக இருக்கலாம். மாணவர்களும் படிக்கும் பகுதி என்பதால் குறிப்பை அடுத்த இதழில் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

— முன்னாள் விமானப்படை வீரர், சூலூர்