விட்டுடு என்றாய், துரை

திருவெறும்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள துரைக்கு,

மாணிக்கம் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் வீட்டில் தங்கச்சிக்கு முட்டிவலிக்கு வாங்கிய தைலம் கேட்கிறதா? கேட்காவிட்டால் சொல், அடுத்த முறை வரும்போது வேறு வாங்கி வருகிறேன்.

புதன்கிழமை போனில், என் மருமகனை ஒரு போலீஸ்காரர் கன்னத்தில் அறைந்ததைச் சொன்னபோது, "ஒரு அறைதானேடா, விட்டுடு" என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. போனில் உன்னோடு பேசி நான் ஜெயித்ததே கிடையாது. முப்பத்தைந்து வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து அடுத்தவனைப் பேச வைத்தவன் நீ. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நடந்ததை அரைகுறையாகத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். முழுசாகக் கேள்.

என் கூடப் பிறந்த தங்கச்சி மகன் பிரபுவை உனக்குத் தெரியும். துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறான். ஒரு நாள் சாயங்காலம் கண் ஆஸ்பத்திரிக்கு என்னை வண்டியில் கூட்டிப்போனான். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு கேட்டு எத்தனை வருஷமாக ஊரே கத்திக்கொண்டிருக்கிறது, வந்ததா? டூவீலர், டவுன் பஸ், டிப்பர் லாரி எல்லாம் ஒரே ரோட்டில்தான். முன்னால் பஸ் நின்றுவிட்டது. பின்னால் ஒரு வெள்ளைக் கார் விடாமல் ஹாரன் அடித்தது. பிரபு எங்கே ஒதுங்குவான்? இடப்பக்கம் சாக்கடை, வலப்பக்கம் லாரி. "பொறுங்கண்ணே"ன்னு கையைக் காட்டினான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

பஸ் நகர்ந்ததும் கார் எங்களை முந்தி, ஒடித்துக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. இறங்கியவர் கட்டம்போட்ட சட்டை, லுங்கி. கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாகப் 'போலீஸ்' ஸ்டிக்கர். "யாருக்குடா கை காட்டுற?" என்ற கேள்வியும் அறையும் ஒன்றாக வந்தன. பிரபுவின் ஹெல்மெட் கழன்று உருண்டது, துரை. முதலில் வண்டிச் சாவியைப் பிடுங்கினார், பிறகு இன்னொரு அறை. நான், "சார், கண்ணு டெஸ்டுக்குப் போறோம் சார்" என்றேன். அறுபத்தெட்டு வயசில், பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் பாய்லர் டிரம்முக்கு நடுவே நின்றவன், லுங்கி கட்டிய ஒரு ஆளை மூன்று தடவை சார் போட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

எந்த ஸ்டேஷன், எந்த ஆள் என்று இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஸ்டேஷன் ரைட்டர், புகார் வாங்கியதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிழித்துக் கொடுத்தார். வழக்குப் பதிகிற எஃப்.ஐ.ஆர். இல்லை. வெளியே வந்து வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சட்டத்தின் கண்ணில் அறை என்பது சாதாரணக் காயம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே கூடாத வகைக் குற்றம். ஆனால் பிரபு அவரைத் திருப்பித் தொட்டிருந்தால்? அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்கியதாக வழக்கு வந்திருக்கும். பழைய ஐ.பி.சி. 353, இப்போது அதற்குப் பதில் வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 132. ரெண்டு வருஷம் வரை ஜெயில். ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது.

"பணியில் எங்கே இருந்தார், லுங்கியில்தானே இருந்தார்?" என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார். ரைட்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார் துரை. "ஐயா ஸ்பெஷல் டூட்டியில போய்க்கிட்டிருந்தாரு, உங்க பையன் வழி மறிச்சிருக்கான்"னு எதிர்ப்புகார் தயாராகிறதாம். அடித்தபோது டூட்டியில் இல்லாதவர், நாங்கள் புகார் கொடுத்ததும் டூட்டிக்கு வந்துவிட்டார். வழி மறித்ததும் சாவியைப் பிடுங்கியதும் அவர். வழி மறித்தல் போலீஸ் நேரடியாக வழக்குப் போடக்கூடிய குற்றம்தான் என்கிறார் வக்கீல். அதை ரைட்டரிடம் சொன்னபோது அவர் காது கேட்காதவர் மாதிரி தாளைத் திருப்பினார்.

நீ சொல்லாமலே உன் பதில் எனக்குத் தெரியும். 'எங்க கஷ்டம் உனக்கு என்ன தெரியும்?' தெரியும்டா. அதிகாரி வீட்டில் ஆர்டர்லியாகத் துணி துவைத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாயே, அது எனக்கு மறக்குமா? அந்த முறையை 1979-லேயே ஒழித்துவிட்டதாகக் காகிதத்தில் இருக்கிறது. 2022-லும் உயர் நீதிமன்றம் அதைப் பற்றி அரசைத் திட்டிக்கொண்டிருந்தது. ஏட்டு வரைக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்ததே 2021-ல். நீ அதற்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டாய். பொங்கலுக்குக்கூட வீட்டில் இல்லாதவன் நீ. எல்லாம் தெரியும். மேலே இருப்பவன் உன் மேல் இறக்கியதை நீ யார் மேல் இறக்கினாய் என்பதும் தெரியும்.

நாம் ரெண்டு பேரும் ஒருநாளும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. 1987 என்று நினைக்கிறேன். நீ தஞ்சாவூரில் டிராஃபிக்கில் நின்றாய். நான் சம்பள லீவில் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டைனமோ விளக்கு இல்லாத சைக்கிளில், பின்னால் ஒரு பையனை உட்கார வைத்து ஒருத்தர் வந்தார். நம்மைவிடப் பத்து வயசு மூத்தவர். நீ டபுள்ஸுக்கு நிறுத்தினாய். அவர், "பையனுக்கு ஜுரங்க" என்றார். நீ அறைந்தாய். அப்புறம் ரெண்டு சக்கரத்திலும் வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, அந்த வால்வை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீசினாய். அவர் பையனை இறக்கி நடக்க வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் சிரித்தேன்.

நீ செய்ததைவிட நான் சிரித்ததுதான் இப்போது உறுத்துகிறது. போலீஸ்காரன் கூட்டாளி என்ற பெருமை. அன்றைக்கு எனக்கு அது டீயோடு சேர்ந்து இனித்தது. அந்தச் சாயங்காலம் பிரபு அடிவாங்கியபோது, பக்கத்துப் பெட்டிக்கடையில் ரெண்டு பேர் சிகரெட்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் திட்ட முடியுமா?

சரி, இதை உன்மேல் பழி போட எழுதவில்லை. நீ கேட்ட 'ஒரு அறைதானே' என்பதற்குப் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கணேசா ரவுண்டானா நடந்து போகிற தூரம். 2018 மார்ச் 7-ஆம் தேதி சாயங்காலம் அங்கே நடந்தது உனக்கு நினைவிருக்கும். துவாக்குடி டோல்கேட்டில் ஹெல்மெட் சோதனை. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்த ஒரு ஜோடி நிற்காமல் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் விரட்டி வந்து ஓடுகிற வண்டியை எட்டி உதைத்தார். அந்தப் பெண் விழுந்து செத்துப்போனாள். மறுநாள் மகளிர் தினம். அன்று ராத்திரி தஞ்சாவூர் ரோட்டில் ஆயிரக்கணக்கான ஜனம் மறித்து உட்கார்ந்ததை நான் நின்று பார்த்தேன். பிறகு தடியடி, ஏகப்பட்ட பேர் கைது. இன்ஸ்பெக்டரையும் கைது செய்தார்கள். குடும்பத்துக்கு அரசு ஏழு லட்சம் அறிவித்தது. ஹெல்மெட் போடாததற்கு அன்றைக்கு நூறு ரூபாய் அபராதம், துரை. நம்பரைக் குறித்துக்கொண்டால் வீட்டுக்கே நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். ஆனால் 'என்னைத் தாண்டிப் போனான்' என்பதற்கு அபராதப் பட்டியலில் இடம் கிடையாதே. அதற்குத்தான் கால் நீண்டது. என் மருமகன் மேல் கை நீண்டதும் அதற்குத்தான். பிரபு கீழே விழவில்லை, பின்னால் லாரி வரவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

2021 ஜூனில் சேலம் பாப்பநாயக்கன்பட்டி செக்போஸ்டில் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) ஒருத்தர் லத்தியால் அடித்தார், அடிபட்டவர் மறுநாள் இறந்தார். கூட வந்தவர்கள் வீடியோ எடுத்திருந்தார்கள், எஸ்.எஸ்.ஐ. கைதானார். அடுத்த வருஷம் கோயம்புத்தூரில், ஆபத்தாக ஓட்டிவந்த ஸ்கூல் வண்டியைத் தட்டிக்கேட்ட டெலிவரி பையனை டிராஃபிக் காவலர் அறைந்தார். அதையும் யாரோ காரிலிருந்து எடுத்தார்கள், அந்தக் காவலரும் கைதானார். பார்த்தாயா, அங்கே ஒரு அறைக்கே கைது. சட்டம் இல்லாமல் இல்லை. படம் இருந்தால் சட்டம் நடக்கிறது. எங்களுக்குப் படம் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

சாத்தான்குளத்தில் படம் எடுக்கக் கேமரா ஸ்டேஷனுக்குள்ளேயே இருந்தது. பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். 2020 ஜூன், ஊரடங்கில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று கொண்டுபோன தகப்பனும் மகனும் செத்த கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர் ஒருமையில் பேசி எகிறியதால், ஸ்டேஷனை வருவாய்த் துறை பொறுப்பில் எடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அப்போது உன் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தோம். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அங்கே பணியில் இருந்த பெண் ஏட்டு, ராத்திரி முழுக்கப் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார் என்று செய்தி வந்ததும், நீ எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாய். "எப்படிடா சொன்னா? சுத்தி எல்லாரும் நிக்கும்போது?" என்றாய். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. பயந்து பயந்துதான் சொன்னார், சொல்லிவிட்டார். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் ஒன்பது போலீஸ்காரர்கள்.

இப்போது எங்கள் விஷயம். பத்திரிகையில் வராததால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆளை ஸ்டேஷனிலிருந்து ஏ.ஆருக்கு, ஆயுதப்படைக்குத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஆறு மாசத்தில் வேறு ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார், அதுவும் உனக்குத் தெரியும். பிரபு போன வாரம், "மாமா, பனிஷ்மென்ட்னு அவரை அனுப்புற ஊர்க்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் ஒரு பிரிவு சேர்த்தார்களாம், 210-பி. சட்டத்தை அமல்படுத்துகிறவரே அதை மீறினால் அபராதம் ரெண்டு மடங்கு. அவர் அன்று சீட் பெல்ட் போடவில்லை, நான் பார்த்தேன். அந்த ரெண்டாயிரத்தை யார் எழுதுவது?

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பிவிட்டேன். கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அனுப்ப வேண்டும். ஆணையம் சொன்னால் சொன்னதுதான், அரசு அதைத் தட்ட முடியாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். நஷ்டஈட்டை அந்த அதிகாரி சம்பளத்திலிருந்து பிடிக்கச் சொல்வதும் உண்டாம். எனக்குக் காசு வேண்டாம். பிரபுவும் வேண்டாம் என்கிறான். சம்பளச் சீட்டில் ஒரு வரி கழியட்டும், அவர் பெண்டாட்டி பார்த்து, "இது எதுக்குங்க?"ன்னு கேட்கட்டும். அது போதும்.

இதற்கு நடுவில் டி.எஸ்.பி. ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. பிரபுவையும் என்னையும் தனித்தனியாகக் கேட்பார்களாம். நான் சொல்வதை அவர்கள் பாஷையில் எழுதி, கடைசியில் 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குவார்கள் என்று நீயே ஒருதரம் சொல்லியிருக்கிறாய். கண்ணுக்கு ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை, எனக்குச் சின்ன எழுத்து தெரியாது. அந்தத் தாளில் 'வாய்த்தகராறு' என்று இருந்தால்கூடப் பார்க்காமல் போட்டுவிடுவேன்.

நீ வா. யூனிபாரம் போட்ட காலத்து ஆட்களைப் பிடித்துப் பேச வேண்டாம், சிபாரிசு வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை எனக்குப் படித்துச் சொல், போதும். வியாழக்கிழமை ராத்திரியே பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிவிடு. ரவுண்டானாவில் இறங்கி போன் பண்ணு, பிரபு வண்டியோடு வந்து நிற்பான். உனக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
மாணிக்கம்