சிவப்புப் புள்ளி எல்லாம் இடிஞ்ச வீடு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தரைய ரேடார் வச்சு பாக்கற நிசார் சாட்டிலைட் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து ஜிஎஸ்எல்வி ராக்கெட்ல போனது, நாசாவோட எல்-பேண்ட் ரேடாரும் இஸ்ரோவோட எஸ்-பேண்ட் ரேடாரும் (எல், எஸ்ங்கறது அலையோட நீளத்த வச்சு வந்த பேரு) ஒண்ணா அதுல இருக்கறது, எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா தலைப்பு? 'பூகம்பத்தை முன்கூட்டியே சொல்லும்'னு போட்டுட்டீங்களே. மத்தியானத்துக்குள்ள எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல அந்தத் தலைப்ப மட்டும் கட் பண்ணி போட்டாச்சு, எங்க சித்தப்பா கும்பிடு ஸ்டிக்கர் வேற போட்டு 'இனி கவலையே இல்ல'ன்னுட்டார். அப்படி சொல்ற சாட்டிலைட் உலகத்துல யார்கிட்டயும் இல்லீங்க. தரை எந்தப் பக்கம் எவ்வளவு மெதுவா நகருது, எந்த பிளவுல இறுக்கம் சேந்துட்டு இருக்குன்னு வருஷக்கணக்கா பாத்து சொல்ல உதவும், அதுவே பெரிய விஷயம்தான், ஆனா எந்த நாள் எத்தன மணிக்கு ஆடும்னு அதுக்குத் தெரியாது.

அதோட உண்மையான உபயோகம் ஆடி முடிச்சதுக்கு அப்புறம்தான். அதைத்தான் உங்க கட்டுரை ரெண்டு வரியில தாண்டிப் போயிடுச்சு, 2023 துருக்கி பூகம்பத்தோட ரேடார் மேப் ஒண்ண மட்டும் போட்டு, கீழ 'சிவப்பு: இடிந்த வீடுகள்'னு எழுதி விட்டுட்டீங்க. நான் மேப் போடற வேலைலயே இருக்கறவன், அதான் சும்மா இருக்க முடியல, கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

அந்த பூகம்பம் 2023 பிப்ரவரி 6ஆம் தேதி விடிகாலை 4.17க்கு வந்தது, ரிக்டர்னு நாம சொல்ற கணக்குல 7.8, அதே நாள் மத்தியானம் இன்னொண்ணு 7.5. துருக்கியில மட்டும் 50 ஆயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க, பக்கத்துல சிரியாவுலயும் ஆயிரக்கணக்குல. நல்ல குளிர்காலம், பனி, மேகம். சாதாரண கேமரா சாட்டிலைட் மேகத்துக்கு மேல இருந்து வெள்ளையா ஒரு படம்தான் எடுக்கும். ரேடார் அப்படியில்ல, தானே மைக்ரோவேவ் அலைய கீழ அனுப்பி அது பட்டு திரும்பறத வாங்குது, அதனால ராத்திரியா இருந்தாலும் மேகமா இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான்.

சேதத்த எப்படி கண்டுபிடிக்கறாங்கன்னா, ஒரே இடத்த ஒரே கோணத்துல பூகம்பத்துக்கு முன்னாடி ரெண்டு தடவ எடுத்த படத்த முதல்ல ஒப்பிடுவாங்க. கட்டடம் அசையாம நின்னா ரெண்டு தடவையும் அலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் திரும்பி வரும், இந்த ஒத்துப்போறதுக்குத்தான் கோஹீரன்ஸ்னு பேரு. அப்புறம் முன்னாடி எடுத்தது ஒண்ணு, பின்னாடி எடுத்தது ஒண்ணு வச்சு மறுபடி ஒப்பிடுவாங்க. முன்ன ஒத்துப்போயிட்டு இருந்த இடம் இப்ப திடீர்னு ஒத்துப்போகலன்னா அங்க ஏதோ மாறியிருக்கு, சிவப்பு போடு. அவ்வளவுதான். 'ஏதோ மாறியிருக்கு'ங்கறதுக்கு மேல அந்த சிவப்புக்கு அர்த்தம் கிடையாது. இதை போடறவங்களே சேத மேப்னு சொல்றதில்ல, 'டேமேஜ் ப்ராக்ஸி மேப்'னு ஜாக்கிரதையா பேரு வச்சிருக்காங்க, அதாவது சேதம் இருக்கலாம், போய் பாருன்னு.

துருக்கி மேப்ப சிங்கப்பூர்ல இருக்கற எர்த் அப்சர்வேட்டரியும் நாசாவோட ஜேபிஎல் ஆராய்ச்சிக்கூடத்து ஆளுங்களும் சேந்து போட்டாங்க, ஜப்பானோட ஆலோஸ்-2 சாட்டிலைட் பிப்ரவரி 8ல எடுத்த படத்த வச்சு. கஹ்ரமன்மராஷ், துர்கோலு பக்கமெல்லாம் அப்படியே சிவந்து கிடக்கும். சரி, பூகம்பத்துக்கு முன்னாடி எடுத்த படம் எப்பன்னு நினைக்கறீங்க? 2022 ஏப்ரல்! பத்து மாசம் இடைவெளி. அந்த பத்து மாசத்துல ஒருத்தர் பழைய வீட்ட இடிச்சு புதுசா கட்டியிருந்தாலும், ஒரு மைதானத்த தோண்டி போட்டிருந்தாலும் அதுவும் சிவப்பாத்தான் வர வாய்ப்பு இருக்கு, பயிர் அறுத்த வயலும் அப்படித்தான் குழப்பும், அதனால வயக்காடு தோப்பு பக்கம் இந்த மேப்ப நம்பாதீங்கன்னே சொல்லுவாங்க. ஐரோப்பாக்காரங்களோட சென்டினல்-1 ரேடார் சாட்டிலைட் அந்த நேரத்துல ஜோடியா இருந்திருந்தா 6 நாளுக்கு ஒரு தடவ வந்திருக்கும், ஆனா ஜோடில ஒண்ணு 2021 டிசம்பர்லயே பவர் சப்ளை போய் படுத்துடுச்சு, மிச்சம் இருந்த ஒண்ணு 12 நாளுக்கு ஒரு தடவதான். சாட்டிலைட் கெட்டுப்போறது நமக்கு ஒரு சின்ன நியூஸ், அங்க அதோட விலை வேற.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படறது. சிவப்பு இல்லாத இடம் நல்லா இருக்குன்னும் அர்த்தமில்ல. 2001 ஜனவரி 26 புஜ் பூகம்பம் ஞாபகம் இருக்கும், மையத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற அகமதாபாத்லயே அபார்ட்மென்ட் விழுந்துச்சு. நிறைய, கீழ தூண் மட்டும் விட்டு கார் பார்க்கிங் வச்ச கட்டடம். அந்த தூண் நொறுங்கினா மேல இருக்கற மாடிங்க அப்படியே ஒரு தளம் கீழ இறங்கி உக்காரும், மொட்டை மாடில தண்ணி டேங்க் கூட அசையாம நிக்கும். வானத்துல இருந்து பாத்தா கூரை முழுசா இருக்கு. சுவத்துல விரிசல், தூணுக்குள்ள கம்பி வளைஞ்சது எதுவும் ரேடாருக்கு தெரியாது, அதுக்கு இன்ஜினியர் டார்ச் எடுத்துட்டு உள்ள போய்த்தான் பாக்கணும். மேப்ல ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர்னு வச்சா அதுக்குள்ள நம்ம ஊர் தெருவுல நாலஞ்சு வீடு இருக்கும், எந்த வீடுன்னு எப்படி சொல்றது?

அப்ப எதுக்கு இதுன்னு கேட்டுடாதீங்க. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஊர் ஊரா விழுந்து கிடக்கறப்ப, ரோடும் போச்சு, போனும் போச்சு, எந்த ஊருக்கு முதல்ல ஆள அனுப்பறதுன்னு தெரியாம கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கறவங்களுக்கு இது பெரிய உதவி. பேர் தெரியாத சின்ன ஊருங்கள டிவிக்காரங்க எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி இது காட்டிக் குடுக்கும்.

தரை எவ்வளவு நகந்துச்சுன்னு அளக்கறதுல ரேடார அடிச்சுக்க ஆளே இல்ல, 1992ல கலிபோர்னியா லேண்டர்ஸ் பூகம்பத்துலயே ஈஆர்எஸ்-1ங்கற ஐரோப்பிய ரேடார் சாட்டிலைட் படங்கள வச்சு பிரெஞ்சுக்காரங்க செஞ்சு காட்டிட்டாங்க, முன் படத்தையும் பின் படத்தையும் ஒப்பிட்டு போட்ட அந்த மேப்ல நகர்வு கலர் வளையங்களா தெரியும், ஒரு வளையம்னா 28 மில்லிமீட்டர் நகர்வு.

நிசார் 12 நாளைக்குள்ள உலகத்தோட தரை முழுக்க ஏறக்குறைய ரெண்டு தடவ பாக்கும்கறாங்க, டேட்டா ஃப்ரீ, பேரிடர் நேரத்துல சில மணி நேரத்துலயே தருவோம்னும் சொல்லியிருக்காங்க. அதோட எல்-பேண்ட் அலை சுமார் 24 சென்டிமீட்டர் நீளம், சென்டினல் மாதிரி 5.6 சென்டிமீட்டர் அலை இலைலயே பட்டு திரும்பிடும், இது இலைய தாண்டி தரைக்கு போகும், இமயமலை பக்கம் காட்டு சரிவுக்கெல்லாம் இதுதான் வேணும். எல்லாத்துக்கும் மேல 'முன்னாடி எடுத்த படம்' எப்பவும் புதுசா கைல இருக்கும், துருக்கி மாதிரி பத்து மாசம் பழசு இல்ல.

என் கவலை டேட்டா வந்ததுக்கு அப்புறம் என்னங்கறது. ஹைதராபாத்ல இஸ்ரோவோட தொலையுணர்வு மையம் என்ஆர்எஸ்சில இதை பிரிச்சு மேயற ஆளுங்க இருக்காங்க, கிண்டில அண்ணா யுனிவர்சிட்டி ரிமோட் சென்சிங் இன்ஸ்டிட்யூட் இருக்கு. ஆனா ஒரு மாவட்ட கலெக்டர் ஆபீஸ்ல இந்த மேப்ப திறந்து, கட்டட மேப் மேல வச்சு, தாசில்தாருக்கு 'இந்த தெருவுக்கு முதல்ல போங்க'ன்னு சொல்ல ஆள் இருக்கா? துருக்கிக்கு அந்த கட்டட மேப்ப ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கற, யார் வேணும்னாலும் வரையக்கூடிய இணைய மேப்போட தன்னார்வலர்கள் பூகம்பம் வந்த பிறகு ராத்திரி பகலா வரைஞ்சாங்க. நம்ம அதை இப்பவே வரைஞ்சு வச்சுக்கலாமே, சென்னையையும் 2002ல மூணாவது, அதாவது நடுத்தர ஆபத்து, நில அதிர்வு மண்டலத்துல சேத்தாங்க, அங்க தூண் மேல நிக்கற அபார்ட்மென்ட்டுக்கு பஞ்சமே இல்ல. உங்க நிருபர் யாராவது இதை அதிகாரிங்க கிட்ட கேட்டு எழுதினா ராக்கெட் கட்டுரைய விட அதுக்குத்தான் நான் காசு குடுத்து பேப்பர் வாங்குவேன்.

அப்புறம் அடுத்த தடவ ரேடார் மேப் போட்டா முன் படம் எந்த தேதி, பின் படம் எந்த தேதி, ஒரு கட்டம் எத்தன மீட்டர், இந்த மூணையும் படத்துக்கு கீழ போட்டுடுங்க. இடம் பத்தலைன்னா அந்த ராக்கெட் போட்டோவ கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்