சீருடைக் கூடத்தில் ஏன் இருட்டு?

ஆசிரியருக்கு,

ரெஜிமென்ட் (படைப்பிரிவு) அருங்காட்சியகங்களில் வெளிச்சம் போதவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். அது மின்சாரச் சிக்கனமல்ல. பழைய துணியின் சாயம் வெளுக்காதிருக்க வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியளவு அலகு) அளவிலேயே வைப்பது வழக்கம். சில நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

பிரிட்டிஷ் சிவப்புக் கோட்டில் முதலில் காலரையும் கைமடிப்பையும் பாருங்கள். ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் நிறம் மாறும். பித்தானில் ரெஜிமென்ட் எண் இருக்கும். 1871-க்குப் பிறகு காலாட்படைச் சிப்பாய்களுக்கு எண்ணில்லாத பொதுப் பித்தான்தான்.

பிரௌன் பெஸ் என்ற பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கிக்குக் குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம், குண்டின் விட்டம் சுமார் 0.69. இந்த இடைவெளியால்தான் குண்டைச் சட்டென்று கெட்டிக்க முடிந்தது, குறியும் தப்பியது!

எஃகை மட்டும் தொடவே வேண்டாம். விரல் வியர்வையிலுள்ள உப்பு, கைரேகை வடிவத்திலேயே துருவாகப் படிந்துவிடும். துருவைத் தேய்த்தால் எஃகில் பொறித்த முத்திரையும் சேர்ந்து போகும்.

– ஒரு வாசகர்