படிப்பகத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. வாடகை ஏறவில்லை. மின்விசிறி ஒன்று மாற்றினோம். இவற்றை இத்தோடு விடுகிறேன். ஆண்டு முழுக்க நம் பெஞ்சில் ஓடிய பேச்சு வேறு: பேப்பரை இன்னும் எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

கிளப்பியவர் நம் பொருளாளர். அவர் மேல் தப்பில்லை. 2020 மார்ச் ஊரடங்குக்கு முன்பு எட்டு நாளிதழ் வாங்கினோம். தாளில் கிருமி ஒட்டி வரும் என்று பயந்து நிறுத்தியதில், திரும்பி வந்தவை ஐந்துதான். பக்கங்கள் மெலிந்துவிட்டன, விலை மெலியவில்லை. அச்சுக் காகிதத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுச் சரக்கு. 2019 பட்ஜெட்டில் அதற்கு 10 சதவீதம் சுங்கவரி போட்டு, மறு ஆண்டு 5 ஆக்கினார்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யக் காகிதம் தடைபட்டு விலை எகிறியது. நாம் கொடுக்கும் காசு பேப்பரின் அடக்கவிலைக்கு என்றைக்குமே போதாது, மீதியை விளம்பரம்தான் கட்டிவந்தது. அது கைப்பேசிக்குள் போய்விட்டது. பலன், நம் தாலுகாவுக்கென்று தனி நிருபர் இப்போது இல்லை.

ஐப்பசி மழையில் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். ஒரு தொலைக்காட்சியின் சின்னத்தோடு 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஒரு நியூஸ் கார்டு வாட்ஸ்அப்பில் வந்தது. தெருவில் பாதிப் பிள்ளைகள் போர்வைக்குள், பள்ளிக்கூடமோ திறந்திருந்தது. முந்தைய ஆண்டு கார்டில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதை நம் குழுவில் முதலில் போட்டது அடியேன்தான் என்பதையும் அறிக்கையில் பதிவு செய்கிறேன். "பொய் சொல்கிறவனுக்கும் செய்திக்காரன் முத்திரைதானய்யா தேவைப்படுது" என்றார் நம் மூத்த உறுப்பினர், சிரிக்காமல்.

அவரே போளூர் விஷயத்தையும் நினைவுபடுத்தினார். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக ஃபார்வர்ட் சுற்றிய நாட்களில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. நாடெங்கும் இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

சரி, அச்சில் வருவதெல்லாம் மெய்யா? 2009 தேர்தல்களில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தியாகப் போட்டவை பத்திரிகைகள்தான். பிரஸ் கவுன்சிலே அதை விசாரிக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்ற புரளியில் வழக்கு வாங்கியவர்களில் வடநாட்டுப் பெரிய நாளிதழ் ஒன்றின் ஆசிரியரும் உண்டு.

நம் ஊருக்கே வருகிறேன். தூரே வாராத நம் குளத்தில் பணி முடிந்துவிட்டதாக நாம் வாங்கும் பேப்பர் ஒன்றில் நான்கு பத்திச் செய்தி வந்தது. யாரோ கொடுத்த குறிப்பை அப்படியே போட்டிருக்கிறார்கள். குளத்தைப் படம் எடுத்து, பதினோரு பேர் கையெழுத்துடன் ஆசிரியருக்கு எழுதினோம். இருபது நாள் கழித்து உள்பக்கத்தில் 'திருத்தம்' என்று நான்கு வரி. பொருளாளர் பூதக்கண்ணாடி கேட்டார். ஆனாலும் எழுதிப் போட ஒரு முகவரி இருந்தது, தப்பு என்று ஒத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். விடுமுறைக் கார்டுக்கு நாம் யாருக்குக் கடிதம் எழுத? அதே பேப்பரின் இணையப் பக்கத்தில் குளம் இன்னமும் தூர்வாரப்பட்டே இருக்கிறது என்பது வேறு கதை. இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியாயிற்று.

இதன்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையை ஒதுக்கினோம். சந்தேகமான கார்டை உறுப்பினர் ஒட்டலாம். அந்தச் செய்தி நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தையும் மறுநாள் பேப்பரையும் பார்த்து, கீழே பேனாவால் எழுதுகிறோம். முதலில் ஆர்வம் இருந்தது. தை பிறந்த பிறகு ஒட்டுபவர் குறைந்துவிட்டார்கள். ஃபார்வர்ட் குறையவில்லை.

ஐந்து நாளிதழ்களும் தொடரட்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது, பொருளாளரின் மறுப்புடன். பழைய பேப்பர் போட்ட காசு ஏஜென்ட் பாக்கிக்குப் போயிற்று. அப்புறம், குறுக்கெழுத்துப் பகுதியைக் கிழித்துக்கொண்டு போகும் அன்பர் யார் என்று தெரியும். அதன் பின்பக்கத்தில்தான் நம் குளத்துத் திருத்தம் இருந்தது. கோப்பில் வைக்க அது வேண்டும், கொண்டுவந்து தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்