சண்டிக் குதிரையும் அந்த ஐந்நூறு ரூபாயும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகன் உன்னை இங்கிலாந்தில் செல்டன்ஹாம் குதிரைப் பந்தயத் திடலுக்குக் கூட்டிப்போன கதையை வாசித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாம் காதால் மட்டுமே அறிந்த இடத்தை நீ கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிட்டாய். அந்தக் கடைசி மேடு தூரத்தில் நின்று பார்த்தால் மேடாகவே தெரியவில்லை, நடந்தால்தான் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மனுசிக்கும் வாசித்துக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு சந்தோசம்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் பழைய பல்லவியைத் தொடங்கிவிட்டாய். ஹார்ச்சிபால்ட் குதிரையில் ஏறிய ஜொக்கி போல் கார்பெரி நித்திரை கொண்டுவிட்டானாம், கைக்குள் இருந்த பந்தயத்தை நழுவவிட்டானாம். இருபது வருடம் தாண்டியும் உனக்கு ஆறவில்லை. சரி, இந்த முறை நானும் விடுவதாக இல்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பந்தயத்தை அன்று நாம் பார்த்தோமா? 2005 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை. செல்டன்ஹாமில் சம்பியன் ஹர்டில் என்ற தடை தாண்டும் பந்தயம். அங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் இங்கே இரவு ஒன்பது. நம் நாட்டு மணிக்கூடு அரை மணி முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சுனாமி என்று கடல் வந்து போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. நீ முகாமில் இருந்து, யாரோ கொடுத்த பெரிய சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். குதிரைக்குக் காசு கட்டுகிற அந்தப் புக்கிக் கடையில் மேசைக்கு மேலே தொங்கிய பெட்டியில் கரகரத்த ஆங்கிலக் குரல்தான் நமக்குக் கிடைத்தது. பாதி விளங்கியது, மீதியைக் குரலின் ஏற்றத்தை வைத்து ஊகித்துக்கொண்டோம். அப்புறம் முடிவு சொன்னார்கள்: ஹார்டி யூஸ்டஸ் முதல், ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஹார்ச்சிபால்ட் இரண்டாவது. நீ சீட்டைக் கிழித்துப் போட்டாய். அந்தச் சீட்டுக்குரிய ஐந்நூறு ரூபாய் என்னுடையது என்பதை நான் இங்கே சொல்ல வரவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நீ வாய் திறந்து ஒன்றைக் கேட்டாயே என்றுதான் தந்தேன். அன்று உனக்கு வந்த கோபம் முழுக்கக் கார்பெரி மேல் வந்ததுதானா என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

போன மாதம் பேரன் தன்னுடைய போனில் அந்தப் பந்தயத்தைத் தேடி எடுத்துத் தந்தான். ஆறேழு தடவை பார்த்திருப்பேன். நீயும் பார், ஆனால் சவுக்கைப் பார்க்காதே. கார்பெரியின் கைகளை மட்டும் பார்.

கடைசித் தடைக்கு மூன்று குதிரைகள் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன. ஹார்டி யூஸ்டஸ் முன்னுக்கு. அதன்மேல் கோனர் ஓட்வயர் முழு மூச்சாகத் தள்ளுகிறான். பிரேவ் இன்காவின் மேல் இருப்பவனும் அப்படித்தான், தோளும் முழங்கையும் ஒரு நிமிடம் ஓயவில்லை. கார்பெரி மட்டும் சந்தைக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறான். இரண்டு கையும் குதிரையின் கழுத்தடியில் அசையாமல் கிடக்கின்றன. கடிவாளக் கயிறு இறுகவும் இல்லை, தொங்கவும் இல்லை. தடையைத் தாண்டி மேட்டில் ஏறத் தொடங்கிய பிறகும் அதே இருப்பு. பார்க்கிறவனுக்கு, இவன் நினைத்த நேரத்தில் வெல்லலாம் என்றுதான் தோன்றும். அப்புறம், கோடு கிட்ட வந்ததும் குதிரையிடம் வேகம் கேட்கிறான். குதிரை கொடுக்கவில்லை. ஹார்டி யூஸ்டஸ் தலையை நீட்டிக்கொண்டு முன்னுக்குப் போகிறது. இன்னொரு கழுத்து பின்னால் பிரேவ் இன்கா.

நீ சொல்வது, முன்னுக்கே கேட்டிருந்தால் ஐந்து குதிரை நீள வித்தியாசத்தில் வென்றிருப்பான் என்று. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஹார்ச்சிபால்டுக்கு வேகம் இருந்தது, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. பிடித்து வைத்திருக்கும்வரை அது ராசா. அவிழ்த்து விட்டு "ஓடு" என்று சொன்ன கணமே யோசிக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டதுக்கு முன்னால் மற்றக் குதிரைகளின் முதுகு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். வெறும் புல்லைக் கண்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடும். அதனால் அதன் வேகத்தைக் கடைசி நொடிவரை ஒளித்து வைக்கத்தான் வேண்டும். பிரேவ் இன்காவின் குணம் நேர் எதிர். அதைத் தொடக்கத்தில் இருந்தே தள்ள வேண்டும், தள்ளத் தள்ளக் கொடுக்கும். அடுத்த வருடம் மக்கோய் என்ற ஜொக்கி ஏறி அப்படித்தான் 2006 சம்பியன் ஹர்டிலை வென்றான். மக்கோய் செய்ததைக் கார்பெரி ஹார்ச்சிபால்டிடம் செய்திருந்தால் அது மேட்டின் அடியிலேயே கையை விரித்திருக்கும்.

அப்பாவின் வெள்ளை எருது ஞாபகம் இருக்கிறதா? நீயும் அந்த வண்டியில் ஏறியிருக்கிறாய். ஆயித்தியமலைப் பக்கம் வெள்ளாமை வெட்டி, நெல் மூட்டையோடு வவுணதீவுக்கு வரும் வழியில் ஒரு வாய்க்கால் கட்டு ஏற வேண்டும். சமதரையில் அந்த எருதுக்கு நிகரான எருது படுவான்கரையிலேயே இல்லை. கட்டைக் கண்டால் மட்டும் சண்டித்தனம். ஒரு அடி விழுந்தால் போதும், முன்னங்காலை மடித்துப் படுத்துவிடும், கூட இருக்கிற எருதின் கழுத்தும் நுகத்தோடு சரியும். அப்பா கேட்டிக்கம்பை வண்டிக்குள்ளே போட்டுவிடுவார். கட்டு வருவதற்கு முன்னால் இருந்து கயிற்றை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரோடு நெல் விலை கதைத்துக்கொண்டு வருவார். மேடு தொடங்கியதை எருது அறியும் நேரம் சில்லு பாதி ஏறியிருக்கும். ஒரு முறை நான் ஓட்டினேன், பதினாறு வயது. மேட்டைக் கண்ட பயத்தில் தூரத்திலேயே ஒரு அடி போட்டேன். இரண்டு மூட்டை வாய்க்காலுக்குள். அப்பா அன்று எனக்கு ஏசவில்லை. ஈர நெல்லை மூன்று நாள் காயப்போட வைத்தார்.

அப்பாவுக்கும் எல்லா நாளும் சரிவந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். சில நாள் எவ்வளவு பக்குவமாகக் கொண்டு போனாலும் உச்சிக்கு ஒரு முழம் இருக்கையில் படுத்துவிடும். அப்போது பார்த்துக்கொண்டு நிற்கிறவன், "நாலு போட்டிருந்தால் ஏறியிருக்கும்" என்பான். கார்பெரிக்கு நடந்தது இதுதான். "சண்டிக் குதிரை நொண்டிச் சாரதி" என்று நம் ஆட்கள் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த மனிதன் நொண்டிச் சாரதி இல்லை, மச்சான். 1999 இல் பொபிஜோ என்ற குதிரையில் ஏறி கிராண்ட் நஷனல் என்ற பெரிய தடைப் பந்தயத்தை வென்றவன். அவனுடைய தகப்பன் 1975 இல் அதே பந்தயத்தை வென்ற ஜொக்கி, மகன் ஏறிய குதிரையைப் பழக்கியதும் அவர்தான்.

அவன் வேர்க்க விறுவிறுக்கச் சவுக்கைச் சுழற்றி மூன்று குதிரை நீளம் பின்னால் வந்திருந்தால் நீ "பாவம், பாடுபட்டான்" என்றிருப்பாய். அசையாமல் இருந்து ஒரு கழுத்தில் தோற்றதுதான் உனக்குச் சுட்டது. காசு கட்டியவனுக்கு ஜொக்கி கஷ்டப்படுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இப்போது அங்கே தடைப் பந்தயங்களில் சவுக்கு ஏழு தடவைக்கு மேல் போகக்கூடாது, நாலு அடி கூடினால் வென்ற குதிரையையே நீக்கிவிடுவார்கள் என்று உன் மகன் உனக்குச் சொல்லியிருப்பான். அந்தச் சட்டத்தை நீ திட்டுவாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. தோற்றவனை ஏசுகிற அவசரத்தில் நாம் இரண்டு பேரும் வென்ற குதிரையைப் பார்க்கவே இல்லை. ஹார்டி யூஸ்டஸ் முந்திய வருடமும் அதே பந்தயத்தை வென்றது, 33க்கு 1 விலையில், அதாவது ஒரு ரூபாய் கட்டினால் முப்பத்து மூன்று ரூபாய் லாபம். அதற்கும் முன்னால், 2003 இல், கீரன் கெல்லி என்ற பொடியன் அதே செல்டன்ஹாமில் அதில் ஏறி வென்றான். அந்த வருடம் ஓகஸ்டிலேயே வேறொரு பந்தயத்தில் விழுந்து செத்துப் போனான். அப்படி ஒரு குதிரை, மேட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடுகிறது. அதைப் பிடிக்கக் கார்பெரியிடம் என்ன மிச்சம் இருந்தது? நான் ஒன்றில் மட்டும் உனக்கு விட்டுத் தருகிறேன். கோட்டுக்குக் கிட்ட இன்னும் இரண்டு எட்டு பிந்திக் கேட்டிருக்கலாம். நீ முந்திக் கேட்டிருக்க வேண்டும் என்கிறாய், நான் பிந்தி என்கிறேன். இதை நீ வந்த பிறகு கதைப்போம்.

ஹார்ச்சிபால்ட் மோசமான குதிரை என்றும் எண்ணாதே. கெம்டன் பார்க்கில் கிறிஸ்மஸ் ஹர்டிலை 2004 இலும் வென்றது, 2008 இலும் வென்றது. அங்கே கடைசியில் அந்த மேடு இல்லை.

இங்கே புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. புக்கிக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் திருத்துகிறார்கள். பழைய பாலத்தில் பின்னேரம் நடக்கப் போகிறேன், முழங்கால் விட்டால். மனுசி உன் வீட்டுக்காரியிடம் கேட்கச் சொன்னாள், போன முறை கொண்டுவந்த அந்தக் கால்வலித் தைலம் இன்னும் கிடைக்குமா என்று. இரண்டு போத்தல் போதும். காசை அந்த ஐந்நூறில் கழித்துக்கொள்.

உன்,
கல்லடி மச்சான்