நான் மரவள்ளி விவசாயி அல்ல: பயனர் விவரத்தைத் திருத்தக் கோரும் புகார்

அனுப்புநர்: காப்பி, மிளகு விவசாயி, ஏற்காடு, சேலம் மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர், வேளாண் செயலிப் பிரிவு.
பொருள்: செயலி என்னைப் பற்றி வைத்திருக்கும் தவறான விவரத்தைத் திருத்தவும் இழப்பீடு வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தொலைபேசியில் ஏழு முறையும், மின்னஞ்சலில் நான்கு முறையும், நேரில் ஒரு முறையும் சொல்லி ஓய்ந்த பிறகே இதை எழுதுகிறேன். சில்வர் ஓக் மர நிழலில் அரபிகா காப்பியும், அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகும் தவிர எனக்கு வேறு பயிர் கிடையாது. பதிவு செய்த அன்றே இதைத் தெளிவாக நிரப்பிக் கொடுத்தேன். கடந்த ஜனவரியில், ஆத்தூரில் இருக்கும் என் மைத்துனருக்காக மரவள்ளி மாவுப்பூச்சிக்கான மருந்தை என் கணக்கிலிருந்து ஒரே ஒரு முறை வாங்கினேன். அன்று முதல் தங்கள் செயலிக்கு நான் மரவள்ளி விவசாயி ஆகிவிட்டேன். நானே எழுதிக் கொடுத்தது செல்லவில்லை, ஒரு மருந்துப் புட்டி சொன்னது செல்லுபடியாகிவிட்டது.

தேமல் நோய் எச்சரிக்கையும், ஜவ்வரிசி ஆலைகளின் கிழங்கு விலையும் நாள்தோறும் வந்து நிறைகின்றன. அவற்றை ஒதுக்குவதற்காக நான் திறந்து பார்த்ததையெல்லாம் ஆர்வம் என்றே செயலி கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பதை, கணினி அறிவியல் படிக்கும் என் மகள் சொல்லித்தான் அறிந்தேன். மறுக்க மறுக்க அதன் தவறு உறுதிப்படுகிறது என்றால், நான் எந்த வழியில் மறுப்பது?

தங்கள் சேலம் கிளைக்கு வந்த நாளை என்னால் மறக்க முடியாது. ஆவணங்களுடன் நேரில் வரச் சொன்னவர்கள் தாங்களே. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சிட்டா, அடங்கல் நகல்களுடன் ஐந்து ரோடு வந்து, மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்த இளைஞர் அடங்கலைக் கையில்கூட வாங்கவில்லை. "சிஸ்டம் ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்துப் படிச்சது சார், உங்க பயிர் என்னன்னு அதுக்குத் தெரியும்" என்றார். என் நிலத்தில் என்ன விளைகிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிய ஆவணம் என் கையில் இருக்க, என் தந்தை காலத்துத் தோட்டத்தைப் பற்றி என்னிடமே அப்படிச் சொன்னார். பிறகு, திருத்தம் செயலி வழியாக மட்டுமே முடியும் என்று அனுப்பிவிட்டார். செயலியிலோ அதற்கு இடமே இல்லை.

இழப்பை இன்னும் சொல்லவில்லை. பருவமழைக்கு முன் மிளகுக்கு ஒரு சதவீத போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்காவிட்டால் வாடல் நோய் புகுந்துவிடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு நினைவூட்டல் அனுப்பியதும் தாங்கள்தான். இவ்வாண்டு நான் மருத்துவமனையில் இருந்த வாரத்தில், அந்த நினைவூட்டலை நம்பியே தோட்டத்தை ஆட்களிடம் விட்டிருந்தேன். அது வரவேயில்லை. அறுபது கொடிகள் வாடிவிட்டன. என் தோட்டமே போய்விட்டது, மூன்று தலைமுறை உழைப்பு மண்ணாகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் தங்கள் சேவை உண்மையிலேயே உதவியது. அந்த நன்றியில்தான் இத்தனை நாள் பொறுத்தேன். பயனரை ஊகிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டிலேயே இலைன் ரிச் என்ற ஆய்வாளர் உருவாக்கிய கிரண்டி என்னும் நிரல், ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்ன சில சொற்களைக் கொண்டு அவர் எவ்வகை வாசகர் என்று ஊகித்து நாவல்களைப் பரிந்துரைத்ததாம். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் தன் ஊகத்தை மாற்றிக்கொண்டதாம். அந்தப் பழைய நிரல் செய்ததைத்தான் நானும் கேட்கிறேன். என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதை எனக்குக் காட்டுங்கள். அதைத் திருத்த வழி கொடுங்கள். நான் சொன்னதற்கும் செயலி ஊகித்ததற்கும் முரண் வந்தால், நான் சொன்னதே நிற்கட்டும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலும், மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடும் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தனிநபர் தரவைத் திருத்தக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். அதற்கு அவசியம் வராமல் தாங்களே முடித்துவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: அடங்கல் நகல், வாடிய மிளகுக் கொடிகளின் புகைப்படங்கள்.