ரேடியேற்றருக்கு முன்னால் அட்டை

ஆசிரியருக்கு,

குளிர்காலக் கார்ப் பராமரிப்புப் பற்றிக் கடந்த வாரம் வெளியிட்ட குறிப்பில், எஞ்சின் சீக்கிரம் சூடாக, குளிர்காற்றைத் தடுக்கும்படி ‘ரேடியேற்றருக்கு முன்னால் ஓர் அட்டையைச் செருகுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதே போன்ற ஒரு வரியை நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

ஸ்காபரோவிலிருந்து ஓஷாவாவுக்கு, விடிவதற்கு முன் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவன் நான். கார் 2009ஆம் ஆண்டுக் கொறோலா. மைனஸ் 20 பாகையில் பிக்கரிங் தாண்டும்வரை ஹீட்டர் குளிர்காற்றைத்தான் ஊதும். முதல் வருடம் பெட்டி அட்டையை வெட்டி முழுவதையும் மூடினேன். பனியில் ஊறிக் கூழாகிப் போனது. மறு வருடம் நெளி பிளாஸ்ரிக் தேர்தல் பலகை. (தோற்றவருடையதுதான், அவர் கோபிக்க மாட்டார்.) மார்ச்சில் திடீரென்று வெயில் எறித்த நாளில் அதைக் கழற்ற மறந்துவிட்டேன். நெரிசலில் நின்றபோது வெப்பமானி ஊசி மேலே ஏறத் தொடங்கியது. யன்னல்களைத் திறந்து, ஹீட்டரை முழுதாகப் போட்டு, வியர்க்க வியர்க்க அடுத்த வெளிவழியில் இறங்கினேன்.

இப்போது கார் முகப்பில் காற்றுப் புகும் மேல் கிறிலை முழுவதும் மூடுகிறேன். கீழ்த் திறப்பில் பாதிதான். பலகையை உள்ளே செருகாமல் கிறிலின் வெளிப்பக்கத்தோடு ஒட்டினாற்போல் பிளாஸ்ரிக் பட்டிகளால் கட்டுகிறேன். உள்ளே புகும் காற்று ரேடியேற்றரிலும் எஞ்சினிலும் மோதிச் சுழன்று காரைப் பின்னுக்கு இழுக்கும். வெளியிலேயே தடுத்தால் வழுக்கிப் போய்விடும். குளிர்காற்று அடர்த்தி கூடியது என்பதால் இந்த இழுவையும் குளிர்காலத்தில் அதிகம்.

அதற்காகப் பெற்றோல் கொட்டிக் கொட்டி மிஞ்சும் என்று நம்ப வேண்டாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. மணிக்கு 80 கிலோமீற்றரில் இருப்பதைவிட 100இல் ஒன்றரை மடங்குக்கும் மேல். பெற்றோலை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைப்பவருக்குப் பலகையே தேவையில்லை. எனக்கு வேண்டியது கால்விரலுக்குச் சூடு.

எவ்வளவு ஓடியும் ஊசி நடுவுக்கு வராவிட்டால், பலகையைத் தேடாமல், ரேடியேற்றருக்குத் தண்ணீர் போவதைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றை மாற்றுங்கள். அது திறந்தபடி இறுகியிருக்கலாம். புதிய கார்கள் பலவற்றில் தாமாக மூடித் திறக்கும் தகடுகள் கிறிலுக்குப் பின்னாலேயே உண்டு. சிலவற்றில் முன் சின்னத்தின் பின்னால் ரேடார் இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள். ரேர்போ எஞ்சின்காரர்களும் விசாரித்துவிட்டே மூட வேண்டும்.

பலகையைக் கட்டும் அன்றே சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு நூலையும் கட்டிவிடுகிறேன். இரண்டையும் ஒன்றாகத்தான் கழற்றுவது.

ஸ்காபரோ வாசகர் ஒருவர்